அச்சுமுறுக்கு தின்ற எட்டுப் பக்கங்கள்

போன தீபாவளிக்கு அச்சுமுறுக்கு சுட்டேன். எண்ணெய் வடியட்டும் என்று பழைய பேப்பரைத் தேடினால், வீட்டில் பேப்பர் என்பதே இல்லை. செய்தியெல்லாம் போனில் வந்துவிடுகிறது. போனை விரித்து அதன்மேல் முறுக்கை வைக்கவா முடியும்? மகள் கடையில் வாங்கிய டிஷ்யூச் சுருளை உருட்டிவிட்டாள். "பேப்பர்ல வெச்சா இங்க் ஒட்டிக்கும்மா, ஒடம்புக்கு ஆகாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு துப்பறியும் நாவலின் கடைசி எட்டுப் பக்கங்களை நான் அப்படித்தான் தின்றேன். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றதெல்லாம் ஆனது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலம்பாளையத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கும் நூல் பிசிறுகளை வெட்ட வேண்டும். இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்கிறீர்களா? நான் பி.ஏ. தமிழ். அதனால் வெட்டுவது மெதுவாகத்தான் வரும்.

திருப்பூரில் பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் கிடையாது. கரண்ட் போனதும் தையல் மெஷின்கள் ஒரு பெருமூச்சோடு நிற்கும். டெய்லர்கள் எழுந்து ஜன்னலோரம் இருந்த எங்கள் டேபிளுக்கு வந்துவிடுவார்கள். பிசிறு வெட்ட ஜன்னல் வெளிச்சம் போதும். வெட்டுகிற கைக்கு வேலை இருந்தது, காதுக்கு இல்லை. அதனால் நான் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து நாவல் எடுத்து வந்து சத்தமாகப் படிப்பேன். என் பங்குப் பனியன்களை ஜெயராணி அக்கா வெட்டித் தருவார்.

ஜெயராணி அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். சர்ச்சில் பாடுகிறவர். அவருக்கு ஒரு பழக்கம்: கதையில் பாட்டு வந்தால் தானும் பாடியாக வேண்டும். நாங்கள் அந்த டிசம்பரில் படித்த நாவலோ ஒரு வீணை டீச்சரைப் பற்றியது. நவராத்திரிப் பாயசத்தில் யாரோ விஷம் வைத்து அவரைக் கொன்றுவிடுகிறார்கள். பழைய நினைவாகப் பக்கத்துக்குப் பக்கம் டீச்சர் வீணை வாசிப்பார். "கல்யாணி ராகம் மெல்ல எழுந்தது" என்று நான் படிப்பேன். அக்கா உடனே கிறிஸ்துமஸ் கீதம் ஒன்றின் மெட்டை இழுப்பார். தோடிக்கும் அதே மெட்டுதான். எங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியாததால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதம் யாரோ பிறந்தநாளென்று பாயசம் கொண்டுவந்தபோது மட்டும், டேபிளில் ஒருவரும் முதல் டம்ளரை எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் தங்கராசு அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தோம். "ஏங்கண்ணு, இது கம்பெனியா லைப்ரரியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று ஒரே அட்டைப்பெட்டியை அரைமணி நேரம் எண்ணிக்கொண்டிருப்பார்.

புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் சில தாள்களும் இல்லை. பெயர் என்ன, எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. என் வீட்டில் இருந்தால் நான் முடிவை முன்கூட்டியே படித்துவிடுவேன் என்று எல்லோருக்கும் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அதனால் புத்தகம் ஜெயராணி அக்காவின் பொறுப்பில் இருந்தது.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்த திங்கட்கிழமை காலை, அக்கா ஒரு டின் நிறைய அச்சுமுறுக்கோடு வந்தார். முகம் மட்டும் சரியில்லை. என்னைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ஏட்டி, ஒரு காரியம் ஆயிட்டு."

"என்னக்கா?"

"நேத்து முறுக்கு சுட்டேன்லா. எண்ணெய் வடிய பேப்பர் எடுங்கன்னேன். எங்க வீட்டுக்காரவிய நம்ம பொஸ்தகத்தப் பழைய தாளுன்னு நெனச்சி பின்னாலருந்து கிழிச்சி விரிச்சிட்டாவ."

எட்டுப் பக்கங்களையும் மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தார். எண்ணெய் குடித்த தாள் கண்ணாடி மாதிரி இருந்தது. இந்தப் பக்கத்து எழுத்தும் அந்தப் பக்கத்து எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். தலைகீழாகப் பார்த்தோம். சில முறுக்குகளில் எழுத்து ஒட்டியிருந்தது. அதையும் எடுத்து வாசித்துப் பார்த்தோம். "...ன்தான் கொலைகாரன்" என்பது மட்டும் ஒரு முறுக்கில் தெரிந்தது. சந்தேகப்பட வேண்டியவர்கள் பாஸ்கரன், மோகன், டாக்டர் ரங்கன், சமையல்கார நாராயணன், எஸ்டேட் மேனேஜர் சேகரன்.

"நீயே சொல்லிரு ஏட்டி. ஒனக்குத்தான் வாய்ல வருமே. தெரிஞ்சா இவளுவ என்னைய வச்சு வாங்கிருவாளுவ."

பேச்சு முடிவதற்குள் கரண்ட் போனது. எல்லோரும் டேபிளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முறுக்கு டின் கைமாறியது. சாட்சியம் கண்ணெதிரே நொறுங்கிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார் என்றேன். மழை பெய்தது என்றேன். வீணையின் ஒரு தந்தி தானாக அறுந்தது என்றேன். பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டம் வந்தது. நிமிர்ந்தேன். தங்கராசு அண்ணன் முதல்முறையாக எங்கள் பக்கம் திரும்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் வாயில் வந்தது: "மேனேஜர் சேகரன்!"

அந்த மேனேஜர் முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்தவர். மழை நாளில் டீச்சருக்குக் குடை கொடுத்துவிட்டுப் போனவர். பாட்டுச் சொல்லித் தரும்படி பத்து வருடமாகக் கெஞ்சியும் டீச்சர் மறுத்துவிட்டதால் விஷம் வைத்தார் என்று ஒரு காரணம் கட்டினேன். டேபிள் மொத்தமும் நம்பிவிட்டது. ஜெயராணி அக்காவே நான் இட்டுக்கட்டுகிறேன் என்பதை மறந்துவிட்டார். "அவனத் தூக்குல போட்டாச்சா?" என்றார். போட்டாச்சு என்றேன். "பாவம், பாட்டுக்கு ஆசப்பட்டவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தங்கராசு அண்ணன் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அந்த மேனேஜர எதுக்கு மாட்டி உட்ட? பாவம், அந்தாளு கொட மட்டுந்தான குடுத்தான்."

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கதைய நான் கண்ணாலத்துக்கு முன்னாடியே படிச்சுப்போட்டேன். மறுக்காக் கேக்கலாம்னுதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப, கொன்னது யாருங்ணா?"

அவர் யோசித்தார். "சொன்னா நீ போயி அவங்ககிட்டச் சொல்லிப்போடுவ. பொஸ்தகம் ஜெயராணியம்மா கையிலதான இருந்துச்சு, அந்தம்மாவுக்குச் சங்கடம். உன்ர முடிவே இருக்கட்டும். நீ கண்ணாலமாகிப் போற அன்னைக்குச் சொல்றேன்."

அத்தோடு விடவில்லை, என் முடிவை எழுதிப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னார். நோட்டுத் தாளில் எழுதி, பசை தடவி ஒட்டி, நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நூலகக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ராயபுரத்தில் அதை எடுத்துப் படித்தவர்கள் அத்தனை பேரும் சேகரனைத்தான் திட்டியிருப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். தங்கராசு அண்ணன் சொன்ன வாக்குத் தவறாமல் மேடையேறி வந்தார். ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு என் காதருகே குனிந்து பெயரைச் சொன்னார். அந்த நொடி பார்த்து தவில்காரர் தவிலை வெளுத்து வாங்கினார். ஓர் எழுத்துகூடக் காதில் விழவில்லை. போட்டோக்காரர் "சிரிங்க" என்றார். சிரித்தேன். எனக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்துவிட்டு, "நீ நெனச்சே பாத்திருக்க மாட்டியே" என்று சொல்லிச் சாப்பிடப் போய்விட்டார். இது மட்டும் நன்றாகக் கேட்டது.

அப்புறம் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம். இன்னொரு பக்கம் கூச்சம்: மணமேடையில் அவ்வளவு பாடுபட்டுச் சொன்னவரிடம், காதில் விழவில்லை என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கார் கழுவுகிறார்கள். நூலகம் மொபைல் கடையாகிவிட்டது. ஜெயராணி அக்கா ஊரோடு போய்விட்டார். இப்போதும் அவரைப் பொறுத்தவரை சேகரன்தான் குற்றவாளி. இரண்டு வருடம் முன்பு தங்கராசு அண்ணன் தவறிவிட்டார். அவர் ஊரான சேவூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். கேட்கக் கூடாத நேரம்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் மனைவியிடம், "அண்ணன் படிச்ச புக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன். "எல்லாம் போன பொங்கலுக்கே எடைக்குப் போட்டாச்சு கண்ணு" என்றார்.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. அண்ணன் என் காதருகே குனிந்திருக்கிறார். கையால் வாயை மறைத்திருக்கிறார்.