தர மறுத்த இஞ்சிச் சோடா

குழந்தைப் பருவத்திலேயே நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்து என் இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன்.

அன்று வெள்ளவத்தைக் கடைத்தெருவில் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. தலையும் சுற்றியது. வழக்கமாகச் சோடா குடிக்கும் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார முஸ்லிம் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, கேஸ்ட்ரிக் போல. நெஞ்சு படபடக்குது. ஒரு இஞ்சிச் சோடா தாங்கோ."

அவர் என் கழுத்துக்குக் கீழே தெரிந்த தழும்பைப் பார்த்தார்.

"சோடா தர மாட்டேன் தங்கச்சி. என்ட மகளுக்கும் இதே தழும்பு ஈக்கி. இப்பிடி நெஞ்சு அடிச்சா உடனே டொக்டரிட்ட காட்டணும்."

கடையை மூடிவிட்டு அவரே த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஓட்டையை அடைத்தபோது இதயத்துக்குள் உண்டான பழைய தையல் தழும்புதான் துடிப்பைக் குழப்பியது என்றார் டொக்டர். மயக்க மருந்து கொடுத்து, மின்னதிர்ச்சியால் துடிப்பைச் சீராக்கினார்கள். சோடா கிடைத்திருந்தால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

இப்போதும் அங்கே சோடா கேட்டால், "கிளினிக் போனீங்களா?" என்பார். நான் "ஓம்" என்ற பிறகே மூடியைத் திறப்பார்.