காலர் ட்யூனை எடுக்கப் போன கதை

என் காலர் ட்யூன்ல ஒரு அம்மா பாட்டு ஓடிகினு இருந்துச்சு. நான் போட்டது இல்ல, போன் கம்பெனிக்காரனே போட்டுட்டான். நமக்குப் போன் பண்றவங்களுக்குத்தானே கேக்கும், நான் கண்டுக்கல.

அம்மா போய் இருபது நாளாச்சு. துக்கம் விசாரிக்கப் போன் பண்றவங்க எல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுட்டு அழுவுறாங்க. எடுத்துடலாம்னு இன்னிக்கு சேவூர் பஸ் ஸ்டாப் ரீசார்ஜ் கடைக்குப் போனேன்.

"வேணாண்ணா"ன்னுச்சு கடைக்காரப் பொண்ணு. "உங்கம்மா பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் உங்களுக்குப் போன் போடுவாங்க. 'எம்புள்ள எனக்காகப் பாட்டு வச்சிகிறான், கேளு'ன்னு என் காதுல வைப்பாங்க. நீங்க எடுத்ததும், வேலையா இருப்பான்னு கட் பண்ணிடுவாங்க."

தறியில உக்காந்துகினு எத்தனை வாட்டி கத்தியிருப்பேன், "போன் பண்ணிப் பண்ணி கட் பண்ற, ஒரே பேஜாரும்மா"ன்னு. அம்மா ஒருநாளும் காரணம் சொன்னதில்ல.

அந்தப் பொண்ணோட போனை வாங்கி என் நம்பருக்கே போட்டு, பாட்டை முழுசா இன்னிக்குத்தான் கேட்டேன்.

காலர் ட்யூனை எடுக்கல, இருக்கட்டும். இனிமே எனக்குப் போன் பண்றவங்க கோச்சிக்காதீங்க, பாட்டு முடியற நேரத்துக்குத்தான் எடுப்பேன்.

அம்மாவுக்குத்தான் எப்பவும் ஜல்தியா எடுத்துட்டேன்.