பாடியைத் தூக்குவதா, பட்டையைத் தூக்குவதா?

வண்டிக்காரர் வண்டியை மேலே நின்று பார்ப்பார், நாங்கள் கீழே படுத்துப் பார்ப்போம். எங்கள் தொழிலில் எல்லாச் சண்டையும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஆரம்பிக்கும்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை போகிற வழியில் நானும் அந்தோணியும் ஒரு ஷெட் வைத்திருக்கிறோம். அந்தோணி வெல்டர், நான் ஸ்பானர் பிடிக்கிறவன். பிக்கப் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை, சக்கர அலைன்மென்ட் வேலை செய்து நிம்மதியாகத்தான் இருந்தோம். இப்போது கொஞ்ச காலமாக, ‘வண்டியைத் தூக்கிக் குடுங்க’ என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் தையல்காரராகவோ, டிவி மெக்கானிக்காகவோ, பல் டாக்டராகவோ இருந்து, ‘சின்ன வேலைதானே, பாத்துப் பண்ணுங்க’ என்ற வார்த்தையை ஒருமுறையாவது கேட்டிருந்தால், இதற்கு மேல் நான் சொல்லப்போவது உங்களுக்கு நன்றாகப் புரியும்.

கையில் மட்டும் சுற்றிய ஸ்டீரிங்

முதலில் வந்தவர் ரஞ்சித். வேலை பெங்களூரில், தினமும் ரயிலில் போய் வருகிறவர். பிக்கப் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அவருக்கு இரண்டு வழியையும் சொன்னேன். சேசிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற கேபின், சாமான் ஏற்றுகிற தொட்டிக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்தினால் அது பாடி லிஃப்ட். ஸ்பிரிங் பட்டையையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றிச் சேசிஸையே உயர்த்தினால் அது சஸ்பென்ஷன் லிஃப்ட். அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டு வந்திருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதிக் காகிதம் ஒரு கையில், ஆன்லைனில் வாங்கிய பாடி லிஃப்ட் பெட்டி இன்னொரு கையில்.

கேபின் மேலே போனாலும் ஸ்டீரிங் பெட்டி சேசிஸோடு கீழேதான் நிற்கும். இரண்டையும் இணைக்கிற தண்டு அந்த அளவுக்கு நீள வேண்டும். அதற்கான துண்டும் அவர் வாங்கிய பெட்டியிலேயே இருந்தது. மாட்டினோம், முறுக்கினோம், சரியாகத்தான் தெரிந்தது. ஓட்டிப் பார்க்க நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் ரஞ்சித். ஆண்டர்சன்பேட்டை வளைவில் எதிரே ஒரு டிப்பர் லாரி. ஸ்டீரிங்கை ஒடித்தேன். ‘கடக்’ என்று ஒரு சத்தம். கையில் இருந்த வட்டம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அரை நொடி இருக்கும். அப்புறம் எங்கோ பல் கவ்வி, வண்டி வெடுக்கென்று இடது பக்கம் இழுத்து மண்ணில் இறங்கி நின்றது. டிப்பர்காரர் திட்டிக்கொண்டே போனது கேட்டது. என்ன திட்டினார் என்று காதில் விழவில்லை.

பானட்டைத் திறந்தால், அந்தத் துண்டு நகத்தின் அகலத்துக்குத்தான் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. சரியான நீளத்தில் தண்டு வரவழைத்து மாட்டும்வரை வண்டியை ஒரு அடிகூட நகர்த்தவில்லை. ரஞ்சித் மட்டும் பத்து நிமிஷம் கழித்து, “ஃபோட்டோல பாத்தப்ப நல்லா இருந்துச்சே” என்றார். பைக்கில் வந்து சேர்ந்திருந்த அந்தோணி துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “தம்பி, வண்டி ஒயரமா இல்லன்னா யாரும் சாவ மாட்டாங்க, திரும்பலன்னா சாவாங்க.”

டேப் பிடித்தவர்

ரஞ்சித் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடவே இரண்டு சிநேகிதர்கள், ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கிற ஃபோன் கேமரா. பாறை ரோட்டில் ஏறும்போது சைலன்சர் நசுங்கிவிட்டதாம். “இவ்ளோ ஒயரம் தூக்கியும் அடி தட்டுதுன்னா நீங்க இன்னா வேல செஞ்சீங்க?” என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். பக்கத்து டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. அந்தோணி வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டு எழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவனை உள்ளே போகச் சொன்னேன்.

வாக்குவாதம் பண்ணினால் அடிதடியில் முடியும் என்று தெரிந்தது. அளவு டேப்பை எடுத்து ரஞ்சித் கையில் கொடுத்தேன். எங்கள் நோட்டில் வேலைக்கு முன்னால் எடுத்த அளவுகள் எழுதியிருந்தன. அவரையே வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னேன். டேங்க், சைலன்சர், குறுக்குச் சட்டம் என்று ஒவ்வொன்றாக அளந்து அவரே உரக்கச் சொன்னார். நான் நோட்டைப் படித்தேன். எல்லாம் பழைய அளவேதான். பெரிய டயர் போட்டிருந்தாலாவது கொஞ்சம் எழும்பியிருக்கும். அதை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்தான் தள்ளிப்போட்டிருந்தார். கேமராக்காரர் ஃபோனைப் பைக்குள் போட்டார். வண்டிக்கு அடியிலிருந்து ரஞ்சித்தின் குரல் வந்தது: “அப்போ நான் உக்காந்த சீட்டு மட்டும்தான் மேல போயிருக்குதா அண்ணா?”

டீசல் டேங்கில் ஒரு பள்ளம்

சகாயராணியை நாங்கள் ராணிம்மா என்போம். சொந்தப் பிக்கப், ஓட்டுவதும் அவர்தான். தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டுபோய், கல் கிரஷரில் வேலை செய்கிறவர்கள் தங்கியிருக்கும் ஷெட்களுக்கு இறக்குகிறவர். அந்த மண் ரோட்டில் துருத்திக்கொண்டிருக்கிற ஒரு கல்லில் அவர் வண்டியின் டீசல் டேங்க் இரண்டு தடவை மோதியிருந்தது. பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குப் பள்ளம், தகடு மெலிந்துபோய்ப் பளபளத்தது. மூன்றாவது தடவை தாங்காது.

ரஞ்சித்தின் வண்டியை ராணிம்மா தெருவில் பார்த்திருக்கிறார். அதே மாதிரி ஒரே நாளில் கட்டை வைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். அந்தோணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கேட்டதச் செஞ்சி அனுப்பு, இல்லன்னா வேற எடத்துல செய்வாங்க” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டேங்க் தொங்குவது சேசிஸில். பாடியைத் தூக்கினால் கேபின் மேலே போகும், டேங்க் அதே கல்லுக்கு நேராக நிற்கும். அடுத்த தடவை டேங்க் கிழிந்தால் யார் பதில் சொல்வது? நாங்கள் குரலை உயர்த்திக்கொண்டிருக்கும்போதே ராணிம்மா நடுவில் வந்து நின்றார். ஷெட்களில் இரண்டு நாளைக்குத்தான் தண்ணீர் இருக்கிறதாம், அதற்குள் வண்டி வேண்டுமாம். “எனக்கு லிஃப்ட்டு பேரெல்லாம் வேணாம் அண்ணா, அந்தக் கல்லுல டேங்க் மோதக் கூடாது, அவ்ளோதான்.”

மேசைமேல் ஒரு பொட்டலம்

சஸ்பென்ஷன் லிஃப்ட்தான் செய்தோம். காகித வேலையை ராணிம்மாவே ஓடி முடித்தார். இரண்டு நாளில் அரை நாளைக் கரண்ட் தின்றுவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தோமா ஓடினோமா என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு, கேன் ஏற்றப் போய்விட்டார்.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பின் சக்கரத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த நீளமான பிரேக் ஹோஸ். பிரிக்கவே இல்லை.

சேசிஸ் உயர்ந்தால், அதிலிருந்து அச்சுக்குப் போகிற ரப்பர்க் குழாயும் நீள வேண்டும். பழைய குழாய் பாரம் ஏற்றியிருக்கும்போது தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் வண்டி அழுந்தி உட்கார்ந்திருக்கும். கேனை எல்லாம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. பள்ளத்தில் சக்கரம் தொங்கும், குழாய் விறைக்கும், கிழிந்தால் பிரேக் போய்விடும். ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. பொட்டலத்தையும் ஸ்பானரையும் பிரேக் ஆயிலையும் பையில் போட்டு, அந்தோணியின் பைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க மனதில் ஒரே கணக்கு: இப்போது எத்தனை கேன் இறங்கியிருக்கும்?

கிரஷர் ஷெட்டில் கேன்கள் வரிசையாக நின்றன. வண்டி இல்லை. “இப்பதான் அந்தப் பக்கமா எறங்கிப் போனாங்க” என்றார் ஒருவர். அந்தப் பக்கம் என்பது இறக்கம். வளைவு தாண்டியதும் புழுதிக்குள் வண்டியின் முதுகு தெரிந்தது. ஹாரன் அடித்தேன். அவர் யாரோ வம்புக்காரன் துரத்துகிறான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார். பக்கத்தில் போய் நிறுத்தச் சொல்லவும் பயம். பிரேக்கை மிதித்தால்தானே அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும்! ஒருவழியாக ஜன்னலுக்கு நேராக வந்து, “ராணிம்மா, பிரேக் மிதிக்காதீங்க! கியரக் கொறைங்க, கியர்!” என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்தார். செகண்டுக்கு வந்தார், ஃபர்ஸ்டுக்கு வந்தார், இஞ்சின் அலறியது. ஓரத்து மண்மேட்டில் வண்டியை மெதுவாக ஏற்றி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய் கயிறு மாதிரி விறைத்து, முனையில் வெடிப்பு விட்டிருந்தது. அந்த வெடிப்பில் ஒரு சொட்டு ஆயில் நின்றுகொண்டிருந்தது, இன்னும் விழவில்லை. புதுக் குழாயை அங்கேயே மாட்டினேன். குழாய்க்குள் புகுந்த காற்று போக அவர் பிரேக் பெடலை மிதிக்க, நான் கீழே அதற்கான திருகைத் திறந்து மூடினேன். பிரேக் கல் மாதிரி நின்ற பிறகு, இது என் தப்பு, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ராணிம்மா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “நீங்களே தப்ப ஒத்துக்கிட்டீங்க, அதனால திட்ட முடியல, ஆனா திட்டணும்னு வாயி துடிக்குது அண்ணா.”

கல்லுக்கும் டேங்குக்கும் நடுவே

ஒரு வாரத்தில் ராணிம்மா மறுபடி வந்தார். பிரேக் நன்றாக இருக்கிறது, டேங்க் மோதவில்லை. ஆனால் தொட்டி உயர்ந்துவிட்டதால் ஒவ்வொரு கேனையும் நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியிருக்கிறது. வலது தோள் வீங்கியிருந்தது. உயரத்தைக் குறைத்தால் கல், குறைக்காவிட்டால் தோள். பட்டையையும், அதைச் சேசிஸோடு பிணைக்கிற ஷேக்கிளையும் மாற்றிப் பாதி உயரத்துக்கு இறக்கினேன். அந்தோணி டேங்குக்கு அடியில் கனமான தகடு ஒன்று வைத்துக் கொடுத்தான். இந்தத் தடவை நோட்டில் ஒவ்வொரு உருப்படியாக டிக் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். கொடுத்தும் மனசு கேட்கவில்லை, பாரம் ஏற்றியதும் நானும் கூடவே போனேன்.

கல் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன். அவர் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து வந்தார். நான் குனிந்து, முட்டி மண்ணில் பட, வண்டியோடு பக்கவாட்டில் நகர்ந்தேன். முன் சக்கரம் தாண்டியது. தகடு கல்லுக்கு மேலே வந்தது. இடைவெளி என் இரண்டு விரல். நடுவில் ஒரு குலுங்கல். ஒரு விரலாகியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. எந்தச் சத்தமும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு ராணிம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நான் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, முதல்முறையாக அந்தக் கல்லின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்துச் சொன்னார்: “இத மொத நாளே அளந்திருந்தா, என் தோளு தப்பிச்சிருக்கும் இல்லண்ணா?”

ஆகவே, பாடி லிஃப்டா சஸ்பென்ஷன் லிஃப்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: வண்டியைத் தூக்க இரண்டு நாள் போதும், அதற்குப் பிறகு மெக்கானிக்கின் உயிர் தொண்டையிலிருந்து கீழே இறங்கத்தான் இரண்டு வாரம் பிடிக்கும்.