யாரும் படுக்காத கூடாரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன். எங்கள் தமிழ்ச் சபையின் புதுப் போதகர் பின்னாலேயே ஓடி வந்தார். சின்ன வயது. நாகர்கோவில்காரர். டெல்லிக் குளிரைப் பற்றி யாரோ ரொம்பவும் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள் – அக்டோபரிலேயே ஸ்வெட்டர்.

“ஐயா, ஒரு நிமிஷம். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகையோட சேத்து, கூடாரப் பண்டிகையைப் பத்தி ஒரு கூட்டம் வைக்கலாம்னு இருக்கோம். காம்பவுண்டுல இலைப் பந்தல் போட்டு. நீங்கதான் செய்தி குடுக்கணும்.”

“நான் எதுக்கு?”

“எமர்ஜென்சி சமயத்துல இதையே பேசினீங்களாமே. அழாத ஆளே இல்லைன்னு சொல்றாங்க.”

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல டெல்லி பஸ் கண்டக்டர்களைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

கூடாரப் பண்டிகை யூதர்களுடையது. எகிப்தை விட்டு வந்த முன்னோர்கள் வனாந்தரத்தில் குடிசை போட்டுக்கொண்டு கிடந்தார்கள் அல்லவா? அதை மறந்துவிடாமல் இருக்க, அறுவடை முடிந்த கையோடு இலைதழையால் ஒரு குடிசை கட்டி, ஒரு வாரம் அதில் இருக்க வேண்டும். எங்கள் வேதத்திலும் இது இருக்கிறது. நாங்கள் வாசிப்போம், கொண்டாட மாட்டோம். எங்களுக்கு அது ஒரு முன்னடையாளம். கடவுளே மனித உடம்பு என்கிற கூடாரத்தைப் போட்டுக்கொண்டு நம்மோடு குடியிருக்க வந்தார்... நம் உடம்பும் ஒருநாள் பிரிக்கப்படும் கூடாரம்தான்... நிலையான வீடு வேறிடத்தில் இருக்கிறது. இதுதான் கிறிஸ்தவ அர்த்தம். அழகான அர்த்தம். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன்.

எமர்ஜென்சியின்போது நான் சர்க்கார் சர்வீஸில் இருந்தேன். சபைக் கமிட்டிக்குச் செயலாளரும் நான்தான். என் செக்‌ஷனில் திவேகர் என்று ஒரு பம்பாய் யூதர் இருந்தார். வீட்டில் மராத்தி, ஆபீசில் ஹிந்தி, கோபம் வந்தால் இங்கிலீஷ். அந்த வருடம் பண்டிகைக்குத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டார். மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, மேலே தழை பரப்பியிருந்தார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

“என்ன திவேகர், கூரை முழுக்க ஓட்டையா இருக்கே?”

“அரே பாய், நட்சத்திரம் தெரியணும். தெரியலைன்னா அது கூடாரம் இல்லை, வீடு.”

உள்ளே கீழ்வீட்டு சர்தார்ஜியும் பால்காரரும் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. விருந்தாளி இல்லாமல் கூடாரத்தில் உட்காரக் கூடாதாம். சாப்பிட்டேன். சாப்பிடும்போதே என் மனது கூரையை அளந்துகொண்டிருந்தது – நம் சபையில் இப்படி ஒன்று போட்டால் எப்படி இருக்கும்?

போட்டோம். தென்னங்கீற்றுக்கு டெல்லியில் எங்கே போவது? மூங்கிலை டென்ட் ஹவுஸில் வாடகைக்கு எடுத்தோம். மண்டியிலிருந்து கரும்புத் தோகை வந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மாளும் அவளுடைய மூத்த பெண்ணும் வந்து தோகையைப் பிரித்துக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். பச்சையம்மாளுக்கு ஊர் சேலம் பக்கம். ஜங்புராவில், நாலா என்று சொல்லும் சாக்கடைக் கால்வாயின் கரையோரம் குடிசை. புருஷன் இல்லை. பெண்கள் இரண்டு.

மறுநாள் சாயங்காலம் நான் மட்டும் காம்பவுண்டில் இருந்தேன். பந்தல் பிரமாதமாக வந்திருந்தது. தோகை ஒரே சீராக, வகிடெடுத்த தலை மாதிரி. அடுத்த நாள் கூட்டம். நான்கு நாள் பந்தல் நிற்கும். வெவ்வேறு சபைகளிலிருந்தெல்லாம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

கேட்டருகில் பச்சையம்மாள் நின்றாள். தலையில் ஒரு மூட்டை. பின்னால் இரண்டு பெண்களும்.

“ஐயா, எங்க வரிசைய இடிச்சுப் போட்டாங்க. காலைல புல்டோசரு வந்துச்சுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாந்தானுங்க. ஆத்துக்கு அந்தாண்ட மனை குடுக்கறாங்களாம். லாரி வர்றதுக்கு நாலு நாளு ஆவும்ங்கறாங்க.” கொஞ்ச நேரம் பந்தலையே பார்த்தாள். “அதுவரைக்கும் ராத்திரிக்கு மட்டும் இதுல படுத்துக்கறோங்கய்யா. விடியறதுக்குள்ள கூட்டிப் பெருக்கி வெச்சுட்டுப் போயிடறேன். பெரிய புள்ளைய வெச்சுக்கிட்டு ரோட்டோரம் படுக்க பயமா இருக்குதுங்க. இங்கன்னா கேட்டு இருக்குது.”

அவள் கேட்டது கூரையை அல்ல, கேட்டை. கூரை ஓட்டை என்பது அதைக் கட்டியவளுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு வராந்தாவைக் கூட அவள் கேட்கவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று எங்களிடம் வேலை செய்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: “கமிட்டியைக் கேக்கணும், பச்சையம்மா.”

“கேட்டுச் சொல்லுங்கய்யா. நிக்கறேன்.”

“இன்னிக்கு யாரும் வர மாட்டாங்க. நீ வேற இடம் பாத்துக்கோ.”

“செரிங்க. மீந்த தோகை கெடந்தா குடுங்கய்யா, கீழ போட்டுக்கறோம்” என்றாள். இரண்டு கட்டு இருந்தது. நானே எடுத்துப் பெரிய பெண்ணின் தலையில் தூக்கி வைத்தேன். வைத்துவிட்டு... இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்... ஒரு நல்ல காரியம் செய்தது போல எனக்கு இருந்தது.

பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன்.

அது எமர்ஜென்சி காலம், யாரையும் ஒண்ட வைக்கப் பயந்தேன் என்று சொல்லலாம். வாசகர்களும் நம்புவீர்கள். சர்க்கார் உத்தியோகஸ்தன் பயப்படுவது சகஜம்தானே? ஆனால் பயம் இல்லை. அந்த நேரத்தில் போலீஸ் என் நினைவிலேயே வரவில்லை. தோகை கலைந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் பேசினேன். நமக்கு இங்கே நிலையான வீடு இல்லை என்றேன் – லோதி ரோட்டில் நாலு அறை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு. கடவுள் நம் நடுவில் கூடாரம் போட இடம் கேட்டு வந்து நிற்கிறார் என்றேன். அந்த வரியில்தான் பெண்கள் பக்கம் அழ ஆரம்பித்தார்கள். என் குரலும் கம்மியது. நடிப்பில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது – முந்தின நாள் சாயங்காலம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் திவேகர் ஆவலாகக் கேட்டார்: “உங்க கூடாரத்துல யார் யார் சாப்பிட்டீங்க?”

“சாப்பிடலை. எல்லாரும் வந்து பாத்தாங்க.”

“சரி, யார் படுத்தா?”

“யாரும் படுக்கலை.”

அவர் மரியாதைக்காரர். “அச்சா” என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக ஜங்புராவுக்குப் போனேன். நாலாக் கரை கூட்டிவிட்ட களம் மாதிரி இருந்தது. லாரி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்.

வீட்டில் என் மனைவி ஜெபமணி கவலையாக இருந்தாள். “பச்சையம்மா மூணு நாளா வரலியே. ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா?”

“தோகை கேட்டா. குடுத்தேன்.”

“வேற ஒண்ணும் கேக்கலியா?”

“இல்ல.”

ஜெபமணி விடவில்லை. இரண்டு பஸ் மாறி, யமுனைக்கு அந்தப் பக்கம் போய், வெயிலில் தெருத் தெருவாக விசாரித்தாள். ஒரு முறை அல்ல, பல முறை. “அவ்வளவு பெரிய காட்டுல எங்கன்னு தேட? ரெண்டு பொட்டப் புள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பாடுபடுதாளோ” என்று வந்து உட்காருவாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபமணி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கும் தெரியாமல் வைத்திருந்ததைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த ராத்திரிகளில் அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததா... அதுவும் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

யோசித்துப் பார்க்கிறேன். திவேகரிடம் பண்டிகை இருந்தது. நாங்கள் அதன் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, பண்டிகையை அவரிடமே விட்டுவிட்டோம். அர்த்தம் புரிந்துவிட்டால் காரியத்தைச் செய்ய வேண்டியதில்லை என்று படித்தவர்களுக்கு ஒரு நினைப்பு. எந்த மதத்துக்காரரும் இதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். என் கணக்கில், கூடாரம் போட இடம் கேட்டு வந்து நின்றவரை நான் பார்த்துவிட்டேன். மூட்டையோடு வந்திருந்தார். அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். டீ குடித்தார். “யோசிச்சீங்களா ஐயா?”

“பேசறேன் தம்பி. ஆனா ஒண்ணு. பந்தல் நிக்கற வரைக்கும் ராத்திரியில கேட்டைப் பூட்டக் கூடாது. யாராவது வந்து படுத்தா எழுப்பக் கூடாது. காவலுக்கு வேணும்னா நான் வந்து படுத்துக்கறேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சுவரில் ஜெபமணியின் படத்தைப் பார்த்தார். பிறகு, ரொம்பப் பணிவாக, “கமிட்டியைக் கேட்டுட்டுச் சொல்றேன் ஐயா” என்றார்.

நல்ல பிள்ளை. உண்மையாகவே கேட்பார் என்று நம்புகிறேன்... அன்றைக்கு நான் கேட்கவில்லை.