டீச்சர் சொன்ன விஷமம்

மட்டாஞ்சேரிக்கு வந்த பத்தாவது மாதமே, மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி தமிழ்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பு. அந்தத் திமிருக்கான அடி என் மகள் கன்னத்தில் விழுந்தது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஹோட்டலாக மாற்றும் வேலையில் இருந்தேன். மனைவி தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போயிருந்தாள். அதனால் மகளின் டீச்சர் எனக்கு போன் செய்தார்.

"மோள்க்கு நல்ல விஷமமுண்டு" என்றார். வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

எங்கள் ஊரில் விஷமம் என்றால் சேட்டை. வேறு அர்த்தமே கிடையாது. எட்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு என்ன சேட்டை என்று சாயங்காலம் நிற்க வைத்துக் கேட்டேன்.

"அதில்லப்பா, மலையாளத்துல அது..."

முடிக்கவிடவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள் என்று அறைந்தேன். அழுதாள். அழுததற்கும் திட்டினேன். மனசு கல்லு மாதிரி இருக்கணும், நான் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு வேலை செய்கிறேனே, அழுதேனா என்று பிரசங்கம் வேறு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். புத்தி வந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

நாலு நாள் கழித்து, கூட வேலை செய்த மலையாளி பிளம்பர் சாயா குடிக்கும்போது தன் அம்மாவைப் பற்றிப் பேசினான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நினைத்தாலே விஷமமாக இருக்கிறது என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த வயசுல உங்கம்மா என்னப்பா விஷமம் பண்றாங்க?"

அவன் சிரிக்கவில்லை. "விஷமம்னு பறஞ்சா சங்கடம், அண்ணா. மனசில் வலிய சங்கடம்."

வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னது எனக்குத்தான் புரியவில்லை, தப்பு என்மேல், உனக்கு என்ன சங்கடம் சொல்லு என்றேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் சரியாயிடுச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். இனி உங்களுக்கு போன் வராது."

நான் கற்றுக்கொடுத்த மன உறுதி இதுதான். கேட்க இருந்த ஒரே ஆளிடமும் வாயை மூடிக்கொள்வது.

மறுநாள் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒன்றும் சரியாகவில்லை, நான் அடித்ததால் பொய் சொல்கிறாள் என்று டீச்சரிடம் அரைகுறை மலையாளத்தில் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பார்த்தார், அவ்வளவுதான். என்னை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிப் போனார்.

பிறகு அவள் பேசுவது கேட்டது, மலையாளத்தில், அழுகையோடு. பாதிதான் புரிந்தது. ஒருமுறை எழுந்து கதவுவரை போனேன். உள்ளே போக எனக்கு முகமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.