கிணற்றடியில் புதுச் சவர்க்காரம்

கொழும்பிலிருந்து லீவில் புங்குடுதீவு வீட்டுக்கு வந்த அன்று குளிக்கப் போனேன். கிணற்றுக்கட்டில் மனைவி புதுச் சந்தனச் சவர்க்காரம் ஒன்றை உறை பிரித்து வைத்திருந்தாள். அந்த மணத்தில் அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பாவுக்குத் தெற்கே காலி நகரில் கடை. கோயில் திருவிழாவுக்குத்தான் வீட்டுக்கு வருவார். அவர் வருகிற நாளில் அம்மாவும் இப்படித்தான் புதுச் சவர்க்காரம் வைப்பார். அதை நாங்கள் தொடக்கூடாது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுதான் அவரைப் பார்ப்பேன். "கடையை விட்டதும் உங்களோடதான் இருப்பன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

சொன்னபடியே வயது போனபின் வந்தார். அப்போதும் அம்மா அவருக்குப் புதுச் சவர்க்காரமே வைத்தார். சாப்பிடக் கூப்பிடும்வரை அவர் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். ஒருநாள் குசினி வாசலில் தயங்கி நின்று, "தம்பி, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவர் கட்டிய வீடு அது.

நான் கிணற்றடியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சரும், இதை எடுத்து வையும். நீங்கள் எல்லாரும் போடுற சவர்க்காரத்தைத் தாரும்."

"அது தேஞ்சு போச்சப்பா. கொழும்பு மாப்பிளைக்கெண்டுதானே இதை வாங்கினனான்" என்று சிரித்தாள்.

"இனிக் கொழும்பு இல்லை. வாற மாசத்தோட வேலையை விடப்போறன்."

அவள் சிரிப்பு நின்றது. "பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கே?"

"ஓம். கிடக்கட்டும்."

அவள் உள்ளே போய், தேய்ந்த சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்து தந்தாள். என் பிள்ளைகள் தினமும் போட்டுக் குளிக்கிற சவர்க்காரம். முகர்ந்து பார்த்தேன். அந்த மணம் எனக்குப் பழக்கமில்லை.