அபிசாயின் வசைப்பெட்டி

கால் கட்டைவிரலால் கணினியை எழுப்புகிறான் அபிசாய். ஒரு கையில் தேநீர், மறு கையில் வெண்ணெய் தடவிய மரவள்ளிக்கிழங்கு, வேறு வழியில்லை. இரவு வந்த ஆர்டர்கள் தாமாகப் பட்டியலில் போய் உட்காருகின்றன. முகவரிச் சீட்டுகளை அச்சுப்பொறி நாக்கு நாக்காக நீட்டுகிறது. வாடிக்கையாளர்களுக்குப் பதில்கள் பறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரக்பி பார்ப்பவனைப் போல "ஓடு! ஓடு! விடாதே!" என்று கத்துகிறான்.

ஃபிஜித் தலைநகர் சுவாவில் மாமன் மகள் உனைசியின் வீட்டுப் பின்னறைதான் அலுவலகம். அவள் தேங்காயெண்ணெய்ச் சோப்புக் காய்ச்சுகிறாள். இணையத்தில் விற்பது இவன் பாடு. முன்பு ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் பதில் தட்டி, எண்ணெயைத் தீய்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷ வேலைய மிச்சம் புடிக்க மூணு நாளா உக்காந்திருக்கியே மச்சான்!"

"நாலாம் நாள்லேர்ந்து நான் ராஜாடி."

ராஜாவுக்கு முதல் தொல்லை வுனிசியா ஊரிலிருந்து வந்தது. இவர்களுடைய சொந்த ஊரான நலோமாவுக்கும் வுனிசியாவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. கண்டவுடன் திட்டிக்கொள்ள வேண்டும். மரியாதையாகப் பேசினால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். இயந்திரத்தின் பணிவான பதிலைப் பார்த்து அந்த ஊர்க்காரி ஒருத்தி உனைசியிடம் தொலைபேசியில் அழாத குறை: "அன்புள்ள வாடிக்கையாளரேன்னு போட்டிருக்கே, நாங்க என்னடி பாவம் பண்ணோம்?"

அபிசாய் ஆர்டர் படிவத்தில் 'உங்கள் ஊர்' என்று ஒரு கட்டம் சேர்த்தான். அதில் வுனிசியா என்று விழுந்தால் போதும், பதில் தானாகப் போகும்: "ஏ வௌவால்தின்னிகளா! இது தேச்சுக் குளிக்கிறது. பசிக்குதுன்னு கடிச்சு வைக்காதீங்க." அந்த வசையை வாங்குவதற்கென்றே சிலர் மறுபடி ஆர்டர் போட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நானூறு சோப்புக்கு ஓர் ஆர்டர் வந்தது. கடற்கரை ஓட்டலின் புது மேலாளர், பிரிஸ்பேனிலிருந்து வந்திருக்கும் ஹெதர் அம்மாள். ஓட்டல் இருப்பது வுனிசியா மண்ணில். நேர்மையான பெண்மணி, கட்டத்தில் அதையே நிரப்பியிருந்தார். முக்கால் நொடியில் வசை போய்ச் சேர்ந்துவிட்டது.

உனைசி கரண்டியோடு ஓடி வந்தாள். அந்த ஓட்டல் ஆர்டர் எப்படியும் வரும் என்று நம்பித்தான் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தாள்.

"அந்தம்மாவப் போயி வௌவால்தின்னின்னுட்டியே! ஆர்டர் போச்சுன்னா, அந்தப் புள்ளைங்கள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்கு அனுப்புவேன்?"

"நான் எங்க சொன்னேன்? அது சொல்லுச்சு."

"அப்ப அதையே கால்ல விழச் சொல்லு!"

காலில் விழ இயந்திரத்தை அவன் பழக்கியிருக்கவில்லை. தன் விரலாலேயே மன்னிப்புக் கடிதம் தட்டினான். பதினோரு முறை எழுதி அழித்தான். பன்னிரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கையில் அங்கிருந்து பதில் வந்து விழுந்தது.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறையில் காட்டினேன். எல்லோரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். இனி நானும் வுனிசியாக்காரிதானாம். அவர்கள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: நண்டுக்குப் பயந்து மரமேறுற நலோமாப் பசங்களா! கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுத் திட்டுறது ஒரு வீரமா? நானூறும் வேணும். அந்த வீரனே தூக்கிட்டு வரட்டும். வாளியில தண்ணி ரொப்பி வச்சிருக்கோம்."

உனைசி கரண்டியைச் சுழற்றி ஓர் ஆட்டம் போட்டாள். உள்ளே இரண்டு பெண்களும் பாட்டெடுத்தார்கள்.

"கூரியர்ல அனுப்பிடலாமே," என்றான் அபிசாய், ஈனக் குரலில்.

"அனுப்பு பாப்போம்! அப்புறம் இந்த ஊர்ல ஒனக்குப் பொண்ணு கெடைக்காது."

வெள்ளிக்கிழமை பெட்டிகளை வேனில் ஏற்றினான். போட்டிருந்த பூப்போட்ட புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாயம்போன பழைய பனியனுக்கு மாறினான். அலைபேசியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி இறுக்கி முடிந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அடுக்கிலிருந்து ஒரு சோப்பை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.